ரீயூனியனுக்குப் படிக்க வரும் மாணவர்களின் முகவரிச் சான்று குறித்து

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் கல்விப் பக்கத்தில் வெளிநாட்டுப் படிப்பு பற்றி வரும் கட்டுரைகளை இணையவழியே தொடர்ந்து படித்துவருகிறேன். எந்தப் பல்கலைக்கழகத்தில் என்ன பாடம், கட்டணம் எவ்வளவு, விசாவுக்கு வங்கியிருப்பு எவ்வளவு காட்ட வேண்டும் என்பனவற்றை அவை தெளிவாகவே சொல்கின்றன. மாணவர் விமானத்திலிருந்து இறங்கிய பிறகு அந்த நாட்டில் சட்டப்படி தங்கியிருக்க என்ன செய்ய வேண்டும் என்பது பற்றி மட்டும் அவற்றில் அதிகம் இருப்பதில்லை. நான் வசிக்கும் ரீயூனியன் தீவுக்குப் புதுச்சேரி, காரைக்கால், தமிழகம், மொரீஷியஸ் ஆகிய இடங்களிலிருந்து படிக்க வரும் நம் பிள்ளைகள் அல்லல்படுவது பெரும்பாலும் அந்த இடத்தில்தான். அதிலும் குறிப்பாக, தாம் இன்ன முகவரியில் குடியிருக்கிறோம் என்று காட்டும் ஒற்றைத் தாளுக்காகவே பலர் மாதக்கணக்கில் அலைகிறார்கள். அந்தத் தாளைக் கொடுக்கக்கூடியவர்கள் இங்கே வீடு வாசலோடு இருக்கும் நாம். கொடுக்கத் தயங்குபவர்களும் நாமே. இக்கடிதத்தைப் பிரெஞ்சு நாளிதழுக்கு எழுதாமல் தங்களுக்கு எழுதுவதற்குக் காரணம் அதுதான்.

நான் புதுச்சேரியில் பிறந்து இத்தீவில் குடியேறியவன். கணக்கு எழுதும் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு, மாணவர்களின் விண்ணப்பங்களையும் இணைப்புத் தாள்களையும் சரிபார்த்துக் கொடுப்பதை ஒரு பழக்கமாகவே வைத்திருக்கிறேன். சட்டம் படித்தவன் அல்லன். கீழே எழுதுவன எல்லாம் சட்டத்தில் உள்ளவையும், என் மேசைக்கு வந்த தாள்களில் கண்டவையும் மட்டுமே.

இந்தியப் பெருங்கடலில் இருந்தாலும் ரீயூனியன் 1946 முதல் பிரான்சின் ஒரு மாவட்டம். இங்கே புழங்குவது யூரோ. நடப்பது பிரெஞ்சுச் சட்டம். ஆனால் ஒரே விசாவில் பல ஐரோப்பிய நாடுகளுக்குச் செல்ல உதவும் ஷெங்கன் பகுதியில் இத்தீவு சேராது. ஆகவே விசா கேட்கும்போதே படிக்கப் போகும் இடம் ரீயூனியன் என்று தெளிவாகக் குறிப்பிட்டுக் கேட்க வேண்டும். பல்கலைக்கழகத்தின் பெரிய வளாகம் தலைநகர் சான் தெனியின் மூஃபியா பகுதியில் இருக்கிறது. தெற்கே லெ தம்போனிலும் சான் பியேரிலும் மற்ற வளாகங்கள் உள்ளன. அரசு மாணவர் விடுதியில் அறை கிடைத்தவருக்கு இக்கடிதத்தில் சொல்லப்படும் தொல்லைகளில் பாதி கிடையாது. விடுதி நிர்வாகமே குடியிருப்புச் சான்று கொடுத்துவிடும். ஆனால் அறைகள் கேட்பவர் எல்லோருக்கும் போதுமானதாக இல்லை. எனவே பிள்ளைகள் உறவினர் வீட்டிலோ, உறவினருக்குத் தெரிந்தவர் வீட்டு மாடியிலோ, கடைக்காரர் ஒருவரின் பின்கட்டு அறையிலோ தங்குகிறார்கள்.

ஜெர்மனிக்குப் போகும் மாணவர் புது வீட்டில் குடியேறிய இரண்டு வாரத்துக்குள் உள்ளூர்ப் பதிவு அலுவலகத்தில் முகவரியைப் பதிய வேண்டும். அதற்காக வீட்டுக்காரர் எழுத்தில் உறுதி கொடுக்க வேண்டும் என்று 2015 நவம்பர் முதல் அந்நாட்டுச் சட்டம் கட்டாயப்படுத்துகிறது. பிரான்சில் அப்படி நகராட்சியில் பெயர் பதியும் ஏற்பாடே இல்லை. இதைக் கேட்டவுடன் பெற்றோர், ஒரு வேலை மிச்சம் என்று நிம்மதி அடைகிறார்கள். நான் பார்த்தவரையில் நிலைமை நேர்மாறானது. அங்கே ஒரு முறை பதிந்து ஒரு சான்றை வாங்கிக்கொண்டால் அதை எங்கும் காட்டலாம். இங்கே வங்கியில் ஒரு முறை, பிரெஃபெக்த்யூர் எனப்படும் மாவட்ட அரசு அலுவலகத்தில் ஒரு முறை, மருத்துவக் காப்பீட்டுக்கு ஒரு முறை, பகுதிநேர வேலை கொடுப்பவரிடம் ஒரு முறை என்று ஒவ்வொரு வாசலிலும் முகவரியைப் புதிதாக நிரூபிக்க வேண்டியிருக்கிறது. நிரூபிப்பதற்கு உதவும் மின்கட்டண ரசீதோ வீட்டுக் காப்பீட்டுச் சான்றோ வாடகை ரசீதோ மாணவரின் பெயரில் இருப்பதில்லை.

முதலாண்டு பெரும்பாலும் சிக்கலின்றிப் போய்விடுகிறது. பலர் ஏமாறுவதும் அதனால்தான். மாணவருக்குத் தரப்படும் நீண்டகால விசாவே முதலாண்டின் குடியிருப்பு அனுமதியாகவும் செல்லும். ஆனால் வந்து இறங்கிய மூன்று மாதத்துக்குள் உள்துறை அமைச்சகத்தின் இணையதளத்தில் அதை உறுதிசெய்து, முத்திரைக் கட்டணம் கட்டி, உறுதிச் சான்றைப் பதிவிறக்கி வைத்துக்கொள்ள வேண்டும். தபாலில் நடந்துவந்த இந்த வேலை 2019 தொடக்கத்தில் இணையத்துக்கு மாறியது. பாஸ்போர்ட்டில் விசா ஒட்டியிருக்கிறது, ஓராண்டு செல்லும் என்று அச்சிட்டிருக்கிறது, இதற்கு மேல் என்ன வேண்டும் என்று இருந்துவிடுபவர்களுக்கு மூன்று மாதம் கடந்ததும் தங்கும் உரிமையே இல்லாமல் போகிறது. இந்திய வங்கி அட்டை முத்திரைக் கட்டணத்தை ஏற்க மறுத்தால், அங்கீகாரம் பெற்ற விற்பனை இடங்களில் மின்முத்திரையின் எண்ணை வாங்கிக்கொள்ளலாம். விமான நிலையத்தில் பாஸ்போர்ட்டில் குத்திய நுழைவு முத்திரையை அன்றைக்கே படம் எடுத்து வைப்பதும் நல்லது. நுழைந்த தேதியை இணையதளம் கேட்கும். முகவரியைப் பொறுத்தவரை, இந்தக் கட்டத்தில் அதைத் தட்டச்சு செய்தால் போதும். சான்று காட்ட வேண்டியதில்லை. காட்ட வேண்டிய நாள் அடுத்த ஆண்டு வருகிறது.

அதற்கு முன்பே வங்கி கேட்டுவிடும். முகவரிச் சான்று இல்லாமல் கணக்கு திறக்க மாட்டார்கள். கணக்கு இல்லாமல் வேலைக்குச் சம்பளம் வராது. சம்பளமோ வங்கி வரவோ காட்டாமல் முறையான வாடகை வீடு கிடைக்காது. முறையான வாடகை வீடு இல்லாமல் முகவரிச் சான்று வராது. கணக்கு மறுக்கப்பட்டவர், பிரான்சு வங்கியின் சார்பில் கடல்கடந்த மாவட்டங்களில் இயங்கும் இயெதோம் நிறுவனத்திடம் முறையிட்டால் ஏதாவது ஒரு வங்கி கணக்குத் திறந்தே ஆக வேண்டும் என்பது சட்டம். அந்த முறையீட்டோடும் முகவரிச் சான்றை இணைக்க வேண்டும்.

இந்தச் சுற்றை அறுக்கச் சட்டமே எளிய வழி ஒன்றை வைத்திருக்கிறது. யார் வீட்டில் மாணவர் தங்கியிருக்கிறாரோ அவர், இன்ன பெயருடைய, இன்ன நாளில் இன்ன ஊரில் பிறந்த மாணவர் இன்ன தேதி முதல் என் வீட்டில் தங்கியிருக்கிறார் என்று வெள்ளைத் தாளில் எழுதிக் கையெழுத்திட்டு, தம் அடையாள அட்டையின் நகலையும், தம் பெயரில் ஆறு மாதத்துக்கு உட்பட்ட ஒரு மின்கட்டண ரசீதையும் சேர்த்துக் கொடுத்தால் போதும். அத்தெஸ்தாசியோன் தெபெர்ஜ்மான் என்று இங்கே எல்லோரும் சொல்லும் தங்கவைக்கும் கடிதம் இதுதான். முத்திரைத்தாள் வேண்டாம், நகராட்சிக்குப் போக வேண்டாம், கட்டணமும் கிடையாது.

இவ்வளவு எளிய தாளைக் கேட்டால் நம்மவர் முகம் மாறிவிடுகிறது. “தம்பி, வீட்டில் தாராளமாக இரு, சாப்பாட்டுக்கும் காசு வேண்டாம், கையெழுத்து மட்டும் கேட்காதே” என்று சொல்லும் சித்தப்பாக்களையும் மாமாக்களையும் நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அவர்களைக் கஞ்சத்தனமுள்ளவர்கள் என்று சொல்ல மாட்டேன். ஆண்டுக்கணக்கில் ஒரு பிள்ளைக்குச் சோறு போடுகிறவர் கஞ்சர் அல்லர். அவர்களைத் தடுப்பது பயம். புதுச்சேரி கைமாறியபோது உடன்படிக்கைப்படி பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்துகொண்ட குடும்பத்தினரும், ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலில் வந்தவர்களின் வழியில் பல தலைமுறைகளாக இத்தீவிலேயே பிறந்து வளர்ந்தவர்களும், பிரெஃபெக்த்யூரில் வெளிநாட்டினருக்கான ஜன்னலின் முன்னால் ஒரு நாளும் நின்றதில்லை. அந்த ஜன்னலுக்குப் பின்னால் என்ன நடக்கிறது என்று அவர்களுக்குத் தெரியாது. தெரியாத இடத்தில் கையெழுத்துப் போட வேண்டாம் என்றுதான் அவர்களுக்குச் சொல்லி வளர்த்திருக்கிறார்கள். அவர்களில் கூலிகளின் வழிவந்தவர்களுடைய முன்னோர் கிராந்த் ஷலூப்பில் இருந்த லசாரே என்னும் நோய்த் தடுப்புமுகாமில் நாள் கழித்து, பெயரோடு ஒரு பதிவு எண்ணும் பெற்றுத்தான் கரும்புத் தோட்டங்களுக்குப் போனார்கள் என்பதை எண்ணிப் பார்க்கையில், தாளைப் பற்றிய இந்த அச்சம் எங்கிருந்து வந்தது என்பது எனக்கு ஓரளவு விளங்குகிறது.

பயத்தின் முதல் காரணம், இரண்டு வேறு தாள்களை ஒன்றென்று எண்ணிக்கொள்வது. ஊரிலிருந்து அம்மாவோ தங்கையோ குறுகிய காலம் வந்து தங்கிப் போக வேண்டுமானால், அழைப்பவர் தம் நகராட்சிக்குச் சென்று, 30 யூரோ முத்திரை கொடுத்து, மேயரின் ஒப்புதலோடு அத்தெஸ்தாசியோன் தகேய் என்ற அழைப்புச் சான்றைப் பெற வேண்டும். வந்தவருக்குச் செலவுக்கு இல்லாமல் போனால் தாமே பொறுப்பேற்பதாக அழைப்பவர் அதில் எழுதிக் கொடுக்கிறார். அது மூன்று மாதத்துக்கு உட்பட்ட வருகைக்கு மட்டும் உரியது. விசாவோடு வந்து இறங்கிவிட்ட மாணவருக்கு அதனோடு எந்தத் தொடர்பும் இல்லை. தங்கவைக்கும் கடிதத்தில் பணப்பொறுப்பு எதுவும் கிடையாது. மாணவர் கடன் வாங்கினாலும், கல்விக் கட்டணம் கட்டாமல் விட்டாலும், கடிதம் கொடுத்தவரைத் தேடி யாரும் வர மாட்டார்கள். அவர் சொல்வது இந்தப் பிள்ளை இங்கே இருக்கிறது என்ற ஒரே உண்மையைத்தான்.

இரண்டாவது பயம் வரி. வீட்டில் ஆள் கூடினால் குடியிருப்பு வரி கூடும் என்று இன்னமும் சொல்லிக்கொள்கிறார்கள். சொந்தக் குடியிருப்புக்கு விதிக்கப்பட்ட அந்த வரி 2023 முதல் எல்லோருக்கும் நீக்கப்பட்டுவிட்டது. மூன்றாவது பயம், தாமே வாடகைக்கு இருப்பவர்களுடையது. வாடகை வீட்டில் இருப்பவரும் தம் வீட்டில் ஒருவரை இலவசமாகத் தங்க வைத்துக்கொள்ளலாம். அதற்கு உரிமையாளரின் அனுமதி தேவையில்லை. மாணவரிடம் வாடகை வாங்கினால்தான் அது உள்வாடகை ஆகிறது. அதற்கு உரிமையாளரின் எழுத்துமூலமான ஒப்புதல் வேண்டும். நான்காவது பயத்தில் மட்டும் சிறிது பொருள் உண்டு. குடும்ப உதவித்தொகை பெறுபவர்கள் வீட்டிலுள்ளோர் எண்ணிக்கையில் ஏற்படும் மாற்றத்தை, அத்தொகையை வழங்கும் காஃப் அலுவலகத்துக்குத் தெரிவிக்கக் கடமைப்பட்டவர்கள்; தனித்து வாழ்பவர் என்ற அடிப்படையில் தொகை பெறுபவர், கடிதம் எழுதுமுன் அங்கே ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது நல்லது. கேட்ட பிறகு கொடுக்க முடியாது என்று அவர் முடிவு செய்தால், அதை மாணவரிடம் வந்த முதல் வாரத்திலேயே சொல்லிவிட வேண்டும். அனுமதி முடியப்போகும் வேளையில் சொல்லக் கூடாது.

கொடுக்க மனமிருந்தும் தாள் செல்லாமல் போவதும் உண்டு. சான் ஆந்த்ரே பக்கத்துக் குடும்பம் ஒன்றில் சமையலறை இழுப்பறையிலிருந்து ஒரு கட்டு ரசீதுகளை எடுத்துக்கொண்டு வந்து என் முன்னால் வைத்தார்கள். மின்கட்டணம், தண்ணீர், நிலவரி எல்லாம் காலமாகிப் பல ஆண்டுகளான தாத்தாவின் பெயரில் இருந்தன. பாகம் பிரிக்காத சொத்து. பேரன்கள் மாதந்தோறும் கட்டணத்தை ஒழுங்காகக் கட்டிவந்தார்கள், பெயரை மாற்றவேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. பேரன் எழுதிய கடிதத்தோடு தாத்தாவின் ரசீதை வைத்தால் பிரெஃபெக்த்யூரில் அதை ஏற்க வழியில்லை. இத்தீவில் இப்படிப்பட்ட வீடுகள் ஏராளம். மின்நிறுவனத்துக்குத் தொலைபேசியில் சொல்லி ஒப்பந்தத்தைத் தம் பெயருக்கு மாற்றிக்கொள்வது பெரிய காரியமன்று. அதுவரை, கடிதம் எழுதுபவரின் பெயருக்கு அதே முகவரியில் வந்த வருமானவரி அறிவிப்போ வீட்டுக் காப்பீட்டுச் சான்றோ உதவும். ரசீது மனைவி பெயரில் இருந்தால் கடிதத்தை மனைவியே எழுத வேண்டும். கணவர் எழுதிவிட்டு மனைவியின் ரசீதை இணைப்பது வழக்கமாக நடக்கும் தவறு. தேதி இருக்கும் மேற்பகுதி வெட்டுப்பட்ட நிலையில் வாட்ஸப்பில் அனுப்பப்படும் ரசீதுப் படங்களால் திரும்பி வந்த விண்ணப்பங்களும் உண்டு.

உறவினரைப் பற்றி இவ்வளவு சொன்ன பிறகு, வாடகைக்கு விடும் நம்மவரைப் பற்றியும் சொல்ல வேண்டும். இவர்களிடம் எனக்கு அவ்வளவு பொறுமை இல்லை. மாதம் பிறந்தால் ரொக்கமாக வாடகை வாங்கிக்கொண்டு, ரசீது கேட்டால் “நமக்குள் ரசீது எதற்கு” என்பவர்கள், தம் வருமானத்தை வரித்துறைக்குக் காட்டாமல் இருப்பதற்காக ஒரு மாணவரின் தங்கும் உரிமையைப் பணயம் வைக்கிறார்கள். வாடகை கட்டியவர் கேட்டால் இலவசமாக ரசீது கொடுக்க வேண்டும் என்று 1989 ஜூலை 6ஆம் தேதிச் சட்டத்தின் 21ஆம் பிரிவு வீட்டு உரிமையாளரைக் கட்டாயப்படுத்துகிறது. வாய்ப்பேச்சில் குடியேறியிருந்தாலும், எழுத்து ஒப்பந்தத்தை எந்த நேரத்திலும் கேட்டுப் பெறும் உரிமை அதே சட்டத்தில் இருக்கிறது. சட்டம் இருக்கிறது என்று சொல்வது எளிது. பதினெட்டு, பத்தொன்பது வயதுப் பிள்ளை, அப்பாவின் நண்பர் என்று அறிமுகமான ஒருவரிடம் சட்டப் பிரிவைச் சொல்லி ரசீது கேட்க முடியாது என்பதையும் அறிவேன். எனவே இதைக் கேட்க வேண்டியவர்கள் பெற்றோர். அறை பேசும்போதே, முன்பணம் அனுப்புவதற்கு முன்பே, எழுத்து ஒப்பந்தமும் மாதாந்தர ரசீதும் உண்டா என்று கேட்டு, இல்லையென்றால் வேறு அறை பார்க்க வேண்டும். வாடகை இருபது, முப்பது யூரோ கூடுதலானாலும் ரசீது தரும் அறையே மலிவானது.

இப்படித் தவித்து நிற்பவர்களிடம் காசு வாங்கிக்கொண்டு முகவரிக் கடிதம் எழுதித் தருபவர்களும் முளைத்திருக்கிறார்கள். மாணவர் அந்த வீட்டு வாசலை மிதித்தே இருக்க மாட்டார். உண்மைக்குப் புறம்பான சான்று எழுதுவதற்குப் பிரெஞ்சுத் தண்டனைச் சட்டத்தின் 441-7ஆம் பிரிவில் ஓராண்டுச் சிறையும் 15,000 யூரோ அபராதமும் உள்ளன. குடியிருப்பு அனுமதி பெறுவதற்காக அது எழுதப்பட்டிருந்தால் தண்டனை மூன்று ஆண்டுச் சிறை, 45,000 யூரோ அபராதம் என உயர்கிறது. எழுதிக் கொடுத்தவரோடு, தெரிந்தே அதைப் பயன்படுத்திய மாணவரும் அதே பிரிவில் மாட்டுவார். உண்மையான கடிதத்தை உறவினர் மறுப்பதால்தான் பொய்க் கடிதத்துக்குச் சந்தை உண்டாகிறது என்பதையும் சேர்த்தே சொல்கிறேன்.

இனி, இரண்டாம் ஆண்டுக்கான புதுப்பித்தல். மாணவர்களுக்கு இது 2020 செப்டம்பரிலிருந்து முழுக்க இணையவழியாகிவிட்டது. அந்த இணையதளத்தை ஆனெஃப் என்று சுருக்கமாகச் சொல்வார்கள். அனுமதி முடிவதற்கு நான்கு மாதம் முதல் இரண்டு மாதம் வரை உள்ள இடைவெளியில் விண்ணப்பிக்க வேண்டும். இங்கே கல்வியாண்டு ஆகஸ்டில் தொடங்குவதால் அந்த இடைவெளி ஏப்ரல் முதல் ஜூன் வரை, அதாவது தேர்வுக் காலத்தில் விழுகிறது. அடுத்த ஆண்டுச் சேர்க்கைச் சான்று பலருக்கு அப்போது கைக்கு வந்திருக்காது. அதற்காகக் காத்திருந்து காலம் தவறுவதைவிட, கைவசம் உள்ள சேர்க்கைச் சான்றையும் மதிப்பெண்களையும் வைத்து உரிய நேரத்தில் விண்ணப்பித்துவிட்டு, பின்னர் கேட்கும்போது மற்றதைச் சேர்ப்பதே மேல். மாதம் 615 யூரோ வீதம் செலவுக்குப் பணம் உண்டு என்பதற்கான ஆதாரம், அங்கீகாரம் பெற்ற புகைப்படக்காரர் தரும் மின்னணுப் புகைப்படத்துக்கான குறியீடு, முகவரிச் சான்று ஆகியவை கட்டாயம். படிப்பு ஒழுங்காக நடக்கிறதா என்பதையும் பார்ப்பார்கள். தேர்வில் தவறியவர் காரணத்தை ஒரு பக்கத்துக்குள் எழுதி இணைப்பது உதவும். எல்லாம் சரியாக இருந்தால் கார்த் தெ செழூர் என்னும் குடியிருப்பு அனுமதி அட்டை படிப்புக் காலத்துக்கு ஏற்பப் பல ஆண்டுகளுக்கே கிடைக்கலாம். மாணவர் ஆண்டுக்கு 964 மணி நேரம் வரை வேலை செய்யும் உரிமையும் இந்த அனுமதியோடுதான் வருகிறது. அனுமதி அறுந்தால் வேலையும் அறும்.

இங்கே பெற்றோர் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. விண்ணப்பத்தை அனுப்பியவுடன் இணையதளம் தருவது, விண்ணப்பம் வந்து சேர்ந்தது என்ற ஒப்புகை மட்டுமே. தங்கும் உரிமைக்கு அது சான்றாகாது. விண்ணப்பம் முழுமையாக உள்ளது என்று அலுவலர் கண்ட பிறகு, பழைய அனுமதி முடியும் நிலையில் தரப்படும் நீட்டிப்புச் சான்றுதான் உரிமையைக் காக்கும். ஜூலை விடுமுறையில் ஊருக்குப் போகலாம் என்று, முக்கால் மணி நேர விமானத்தில் மொரீஷியஸ் போய் அங்கிருந்து சென்னைக்குப் பறக்கும் பிள்ளைகள், கையில் அந்த ஒப்புகையை மட்டும் வைத்துக்கொண்டு புறப்பட்டுவிடுகிறார்கள். திரும்பும்போது மொரீஷியஸ் விமான நிலையத்தில் ரீயூனியன் விமானத்தில் ஏற்ற மறுத்துவிடுவார்கள். அக்காவின் கல்யாணமே ஆனாலும், புதிய அட்டையோ நீட்டிப்புச் சான்றோ கைக்கு வரும்வரை தீவை விட்டுப் போகக் கூடாது. இதைக் கல்யாணத் தேதி குறிக்கும் வீட்டாரும் மனத்தில் கொள்ள வேண்டும்.

வீடு மாறினால் மூன்று மாதத்துக்குள் புதிய முகவரியைத் தெரிவிக்க வேண்டும் என்பதும் சட்டம். மூஃபியாவில் ஓராண்டு, சான்த் மரியில் சிறிய அம்மா வீட்டில் ஆறு மாதம் என்று மாறிக்கொண்டே இருப்பவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள்.

அரசின் பக்கத்திலும் குறைகள் குறைவில்லை. இணையதளம் திடீரென நின்றுவிடும். கேள்விக்கு ஜன்னலில் போய்ப் பதில் பெற முடியாது. உரிமைப் பாதுகாவலர் என்னும் சுதந்திரமான அரசமைப்பு நிறுவனம் 2024 டிசம்பரில் வெளியிட்ட அறிக்கையில், இந்த இணையவழி முறையால் வெளிநாட்டினரின் உரிமைகள் பெருமளவில் பாதிக்கப்படுகின்றன என்று வெளிப்படையாகவே சொன்னது. அதற்கு முன்பே 2022 ஜூன் 3 அன்று நாட்டின் உச்ச நிர்வாக நீதிமன்றம், இணையத்தில் முயன்றும் முடியாதவர்களுக்கு மாற்றுவழி ஒன்று இருந்தே ஆக வேண்டும் என்று தீர்ப்பளித்தது. ஆகவே திரையில் பிழைச் செய்தி வந்தால், தேதியும் நேரமும் தெரியும்படி அதைப் படம் எடுத்து வைக்க வேண்டும். காலத்தோடு முயன்றோம் என்பதற்கு வேறு ஆதாரம் கிடையாது. உரிமைப் பாதுகாவலரின் பிரதிநிதிகள் இத்தீவிலும் இருக்கிறார்கள். அவர்களைச் சந்திக்கக் கட்டணம் இல்லை. ஆயினும், இணையதளத்தின் கோளாறு நம் கையில் இல்லை. சித்தப்பாவின் கையெழுத்து நம் கையில் இருக்கிறது.

பெயரைப் பற்றியும் ஒரு சொல். இங்குள்ள தமிழ் வழியினருக்கு ராமசாமி, முத்துசாமி என்று பாட்டனார் பெயர்களே நிலையான குடும்பப் பெயர்களாகிவிட்டன. ஊரிலிருந்து வரும் பிள்ளையின் பாஸ்போர்ட்டிலோ தந்தை பெயர் ஓர் இடத்தில் முதலெழுத்தாகவும் வேறோர் இடத்தில் முழுமையாகவும் இருக்கும்; குடும்பப் பெயர்க் கட்டம் வெறுமையாகவும் இருக்கும். பாஸ்போர்ட்டில் உள்ளபடியே, எழுத்து மாறாமல், விசா விண்ணப்பத்திலும் பல்கலைக்கழகச் சேர்க்கையிலும் தங்கவைக்கும் கடிதத்திலும் பெயர் இருக்க வேண்டும். கடிதம் எழுதும் மாமா, வீட்டில் கூப்பிடும் பெயரைப் போட்டுவிட்டால் அந்தத் தாள் வேறொருவருடையது ஆகிவிடும். மருத்துவக் காப்பீட்டுப் பதிவுக்குப் பிறப்புச் சான்றின் பிரெஞ்சு மொழிபெயர்ப்பு தேவைப்படும். நீதிமன்றப் பட்டியலில் உள்ள மொழிபெயர்ப்பாளர் செய்ததாக அது இருக்க வேண்டும். பிறப்புச் சான்றை ஊரிலேயே, வெளிநாட்டில் செல்லும்படி அரசு இடும் அப்போஸ்தில் முத்திரையோடு வாங்கிக்கொண்டு வருவது, பின்னர் அப்பாவை அலுவலகம் அலுவலகமாக அலைய விடுவதைத் தவிர்க்கும்.

ஆசிரியர் அவர்களிடம் என் வேண்டுகோள் இரண்டு. தங்கவைக்கும் கடிதத்தின் மாதிரி ஒன்றைத் தமிழ் விளக்கத்தோடு எழுதித் தனியே அனுப்பியுள்ளேன். மாணவர்கள் புறப்படும் ஜூலை மாதத்துக்குள் அதைக் கல்விப் பக்கத்தில் வெளியிட்டு உதவ வேண்டும். இத்தீவில் உள்ள கோயில் நிர்வாகத்தினர் தங்கள் நாளிதழை இணையத்தில் படிக்கிறார்கள் என்பதை அறிவேன். அவர்கள் அந்த மாதிரியை அறிவிப்புப் பலகையில் ஒட்டி, பூசைக்கு வரும் வீட்டுக்காரர்களிடம் ஞாயிற்றுக்கிழமைகளில் எடுத்துச் சொன்னால், உறவினரிடம் தயங்கித் தயங்கிக் கேட்கும் நிலை பிள்ளைகளுக்கு வராது. கடிதத்தை நிரப்பத் தெரியாதவர்களுக்கு உட்கார்ந்து நிரப்பிக் கொடுக்க என்னைப் போல் ஓய்வு பெற்றவர்கள் ஒவ்வோர் ஊரிலும் இருக்கிறார்கள். கோயில் நிர்வாகத்தினர் ஒரு மேசையும் இரண்டு நாற்காலிகளும் ஒரு நகலெடுக்கும் இயந்திரமும் ஏற்பாடு செய்தால் ஆகஸ்டு முதல் வாரத்திலேயே தொடங்கிவிடலாம்.

இங்ஙனம்,
தங்கள் நீண்டகால வாசகர் ஒருவர்,
சான் தெனி, ரீயூனியன்.